உலகம் முழுவதும் அனுப்பப்படும் என்று எழுதுவதற்கு முன்

இணையக் கடை அமைக்க உதவும் மென்பொருள் எதைத் திறந்தாலும் 'எல்லா நாடுகளுக்கும் அனுப்பலாம்' என்றொரு தெரிவு கண்ணில் படும். காரைக்குடிப் பகுதியில் பெண்கள் முடையும் பனையோலைக் கொட்டான்களை, அதாவது சிறு கூடைகளை, விற்கும் எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்கள் அந்தத் தெரிவைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு நாட்டுக்கும் வரி வேறு, தடை வேறு, பெட்டிக்குள் வைக்கக்கூடாத பொருள் வேறு. ஆகவே ஒரு நாட்டைப் படித்து முடித்த பிறகு அந்த நாட்டை மட்டும் திறக்க வேண்டும். அதில் ஆர்டர்கள் சிக்கலின்றிப் போய்ச் சேரத் தொடங்கிய பின்பே அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

எந்த நாட்டைத் திறப்பதற்கு முன்பும் இங்கே முடித்தாக வேண்டிய வேலைகள் சில உண்டு. ஏற்றுமதி, இறக்குமதி செய்பவர்களுக்கு வெளிநாட்டு வணிக இயக்குநரகம் தரும் ஐ.இ.சி. எண்ணுக்குக் கட்டணம் 500 ரூபாய்தான். ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில், எதுவும் மாறாவிட்டாலும், விவரங்களைப் புதுப்பித்து உறுதிசெய்யாவிட்டால் அந்த எண் முடக்கப்படும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் நிதியாண்டின் தொடக்கத்திலேயே எல்.யு.டி. என்னும் உறுதிமொழியைத் தாக்கல் செய்துவிட்டால், வரியை முதலில் கட்டிப் பிறகு திரும்பப் பெறும் அலைச்சல் இல்லாமல் ஏற்றுமதி செய்யலாம். அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையங்கள் வந்த பிறகு, சுங்கத்துக்கான அஞ்சல் ஏற்றுமதிப் பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் நிரப்பிவிட்டு, பார்சலை ஊரிலேயே ஒப்படைக்க முடிகிறது. கூரியர் வழியாக வணிகச் சரக்கு அனுப்புவோர் சி.எஸ்.பி.-5 என்னும் வகைக் கூரியர் ஏற்றுமதிப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். மாதிரிப் பொருள்களுக்கும் அன்பளிப்புகளுக்கும் உரிய வகையில் அனுப்பினால் அது ஏற்றுமதிக் கணக்கில் வராது.

எங்களுக்கு எளிதாக அமைந்தது சிங்கப்பூர். விமானத்திலோ அஞ்சலிலோ வரும் 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு உட்பட்ட சரக்குக்கு எல்லையில் ஜி.எஸ்.டி. வாங்குவதில்லை. 2023 முதல் அத்தகைய பொருள்களுக்கும் விற்பவரே வரி வசூலிக்க வேண்டும் என்ற விதி வந்தாலும், உலக அளவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் விற்பவர்களையே அது கட்டுப்படுத்துகிறது. கொட்டான் விற்று அந்த உயரத்தை எட்டினால் அப்போது கவலைப்படலாம்.

கொட்டானுக்கு உண்மையான எதிரி வரியைக் காட்டிலும் காற்று. கூரியர் நிறுவனங்கள் எடையைப் பார்ப்பதோடு நிற்பதில்லை; பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் கேட்கின்றன. 40, 30, 25 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பெட்டி, உள்ளே ஒரு கிலோ ஓலைதான் இருந்தாலும், ஆறு கிலோவாகக் கணக்கிடப்படும். ஆகவே வெளிநாட்டுக்கு ஒற்றைக் கொட்டானை விற்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவுகளில் முடையச் சொல்லி, அடுக்காக மட்டும் விற்கும்போதுதான் கணக்கு நேராகிறது. பெட்டியின் அளவை முடிவு செய்த பிறகே கொட்டானின் அளவை முடிவு செய்ய வேண்டும் என்று நான் சொன்னபோது முடைபவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததிலும் நியாயம் உண்டு.

அமெரிக்காதான் பெரிய சந்தை. நவராத்திரிக் கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கொட்டான்களை மொத்தமாகவே வாங்குகின்றன. 800 டாலர் வரையிலான பார்சல்கள் வரியின்றி நுழைந்துகொண்டிருந்த காலம் 2025 ஆகஸ்ட் 29 அன்று முடிந்தது. அதற்கு நான்கு நாள் முன்னதாக இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான அஞ்சல்களை நிறுத்தி, அக்டோபர் 15 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டின் கொலு முழுவதும் அந்த இடைவெளிக்குள் அடங்கிப்போனது. மீண்டும் தொடங்கியபோது, அறிவிக்கப்பட்ட மதிப்பில் 50 விழுக்காட்டைச் சுங்க வரியாக இங்கேயே முன்கூட்டிச் செலுத்தும் முறை வந்தது. விகிதம் மாறக்கூடியது, அனுப்பும் நாளில் பார்த்துக்கொள்ள வேண்டும்; ஆனால் முன்கூட்டிச் செலுத்தும் முறை விற்பவருக்கு நல்லது என்றே நினைக்கிறேன். வரியையும் சேர்த்த விலையைக் கடையிலேயே காட்டிவிட்டால், வாசலில் வந்து நிற்கும் பார்சலுக்குப் பணம் கட்ட மறுத்து வாங்குபவர் திருப்பி அனுப்பும் நிலை வராது. திரும்பி வரும் பார்சலுக்கு ஆகும் செலவு கொட்டானின் விலையைத் தாண்டிவிடும்.

இந்த இடத்தில்தான் 'அன்பளிப்பு என்று எழுதிவிடுங்கள், விலையைக் குறைத்துப் போடுங்கள்' என்ற வேண்டுகோள் வரும். உறவினர்போலப் பேசும் வாடிக்கையாளரிடம் மறுப்பது சங்கடம்தான். இருந்தாலும் மறுத்தே ஆகவேண்டும். அது பொய் அறிவிப்பு என்பது ஒருபுறம். பார்சல் தொலைந்தால் இழப்பீடு அறிவித்த மதிப்பைத் தாண்டாது என்பது மறுபுறம். பொருளின் பெயரையும் மழுப்பாமல் எழுத வேண்டும். 'கைவினைப் பொருள்' என்று பொதுவாக எழுதுவதைவிட, 'பனையோலையால் முடைந்த கூடை' என்று எழுதி 4602 19 என்று தொடங்கும் சுங்கக் குறியீட்டைப் போட்டால் அதிகாரிக்குச் சந்தேகம் எழுவதில்லை. அந்த எட்டு இலக்கக் குறியீட்டில் முதல் ஆறும் எல்லா நாட்டுச் சுங்கத்துக்கும் பொதுவானவை.

ஆஸ்திரேலியாவில் நிலைமை தலைகீழ். ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு உட்பட்ட சரக்குக்கு எல்லையில் வரி கேட்பதில்லை. விற்பவர் வரி வசூலிக்க வேண்டிய கட்டாயமும் அங்கு ஆண்டு விற்பனை 75,000 டாலரை எட்டினால்தான் வருகிறது. ஆனால் ஓலை தாவரப் பொருள் என்பதால் உயிரியல் பாதுகாப்புச் சோதனை உண்டு. பூச்சி, மண், விதை எதுவும் ஒட்டியிருக்கக்கூடாது. அழகுக்காக விதைமணிகள் கோத்த கொட்டான்களை நாங்கள் அங்கு அனுப்புவதே இல்லை. இடைவெளியை நிரப்ப வைக்கோல் திணிக்கக்கூடாது; பழமோ முட்டையோ வந்த பழைய அட்டைப்பெட்டியும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை ஈரம் குடித்துப் பூசணம் பிடிக்கும் என்பதால், அந்த மாதங்களில் நன்றாகக் காய்ந்த சரக்கு கையில் இல்லாவிட்டால் ஆர்டரைத் தள்ளிவைக்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் சொந்தக் கடையிலிருந்து அனுப்பும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. 150 யூரோ வரையிலும் 135 பவுண்டு வரையிலும் மதிப்புக்கூட்டு வரியை விற்பனையின்போதே வசூலிக்கும் முறை 2021-இல் அங்கு வந்தது. எட்சி போன்ற சந்தைத் தளங்கள் அதை வசூலித்துத் தாமே கட்டிவிடுகின்றன. அந்தத் தரகுக்குப் பணம் கொடுப்பது தகும்.

அடுத்து கனடா. அஞ்சலில் வரும் சரக்கு 20 கனடிய டாலரைத் தாண்டினாலே அங்கு வரி விதிக்கப்படலாம். வரி விழுந்தால் அதை வசூலித்துத் தருவதற்காக அந்நாட்டு அஞ்சல் நிறுவனம் 9.95 டாலர் தனியாக வாங்குகிறது. சிறிய ஆர்டருக்கு அந்தக் கட்டணமே கசக்கும் என்பதால், குறைந்தபட்ச ஆர்டர் தொகை ஒன்றை நிர்ணயித்துவிட்டுத்தான் அந்த நாட்டைத் திறப்பதாக இருக்கிறோம்.