நிமிடத்துக்கு மூன்று லிட்டர்: கிளாம்ப் ஆன் மீட்டரோடு பட்ட பாடு

கோவையில் நான் வேலை பார்க்கும் ஃபவுண்டரியில், இண்டக்‌ஷன் ஃபர்னஸின் பவர் பேனலுக்குள் ஒரு கூலிங் லைன் போகிறது. தைரிஸ்டர்கள் என்ற மின் ஸ்விட்சுகளின் சூட்டை இழுத்துக்கொண்டு வரும் தண்ணீர். அந்தக் கிளையில் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓட வேண்டும் என்று டிராயிங் சொல்கிறது. ஓடுகிறதா என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. கோடை வந்ததும் பேனல் அடிக்கடி சூடேறி டிரிப் ஆக ஆரம்பித்தது. அளந்தே ஆக வேண்டும் என்ற நிலை.

மின்காந்த மீட்டர் இதற்கு உதவாது. லூப்பில் ஓடுவது டிஎம் வாட்டர், அதாவது உப்பு நீக்கிய தண்ணீர். அதன் கடத்துதிறனை சென்டிமீட்டருக்கு 2 மைக்ரோசீமென்ஸுக்கு மேல் ஏற விடமாட்டோம். அந்த வகை மீட்டர்கள் பொதுவாகக் குறைந்தது 5 கேட்கும். டர்பைன் மீட்டர் இவ்வளவு மெதுவான ஓட்டத்தில் சுற்றாமலே நின்றுவிடும். பைப்பை வெட்டாமல் வெளியே கட்டி அளக்கும் கிளாம்ப் ஆன் அல்ட்ராசானிக் மீட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம்.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஓட்டத்தோடு போகும் ஒலி சற்று சீக்கிரம் வரும், எதிர்த்துப் போகும் ஒலி சற்று தாமதமாக வரும். அந்த நேர வித்தியாசத்தில் இருந்து வேகம் கிடைக்கிறது. ஆனால் எங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு இன்ச் ஸ்டெயின்லெஸ் பைப்பில் 3 லிட்டர் என்றால் வேகம் வினாடிக்கு 8 சென்டிமீட்டர்தான். ஒலி பைப்பின் குறுக்கே போய்த் திரும்பி வர 40 மைக்ரோ வினாடி ஆகிறது. ஓட்டத்தோடு போவதற்கும் எதிர்த்து வருவதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை நானோ வினாடி. இருபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்கு! கேட்லாக்கில் 'துல்லியம் 1 சதவீதம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது வேகமான ஓட்டத்துக்கு. மெதுவான ஓட்டத்துக்கு வினாடிக்கு இத்தனை சென்டிமீட்டர் பிழை என்று தனியாகப் பொடி எழுத்தில் இருக்கும். வாங்குகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

பைப்பின் சுவர் தடிமனையும் மீட்டருக்குச் சொல்ல வேண்டும். ஸ்டோரில் கேட்டால் "ஷெட்யூல் 40" என்றார்கள் (பைப் சுவரின் தடிமனைச் சொல்லும் எண்; எண் கூடினால் சுவர் தடிக்கும்). தடிமன் கேஜ் வைத்துப் பார்த்தால் ஷெட்யூல் 10. ஒரு இன்ச் பைப்பில் இந்த இரண்டுக்கும் உள் குறுக்குவெட்டுப் பரப்பில் 9 சதவீதம் போல வித்தியாசம் வரும். காகிதத்தை நம்பாமல் பைப்பையே கேட்பது நல்லது.

சென்சார் கட்டும் இடத்தை எமெரி போட்டுத் தேய்த்து, சிலிக்கோன் கிரீஸ் தடவி, தண்ணீர் மேல்நோக்கி ஏறும் செங்குத்துத் துண்டில் கட்டினோம். படுக்கை லைனில் மேல்பக்கம் காற்றுக்குமிழி நிற்கும், அடியில் கசடு தங்கும். சிக்னல் நன்றாக வந்தது. ரீடிங் 2.8 லிட்டர். எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் உறுத்தல். 3 லிட்டருக்குப் பக்கத்தில் ஓடினால் அந்தச் சூட்டுக்குத் தண்ணீர் 7 டிகிரிதான் ஏற வேண்டும். தெர்மாமீட்டர் 10 காட்டியது.

ஃபர்னஸ் நின்றிருந்த வார விடுமுறையில் வால்வை மூடச் சொன்னேன். எங்கள் ஃபிட்டர் அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, "மூடியாச்சுங்க சார், ஆனா இன்னும் ஓடுதுங்களே" என்றார். 0.7 லிட்டர் காட்டிக்கொண்டிருந்தது. வால்வு மூடியும் உள்ளே கசிகிறதா என்று சந்தேகப்பட்டு அடுத்த முனை வால்வையும் மூடினோம். அப்போதும் அதே 0.7. இரண்டு சென்சாரும் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருப்பதில்லை. ஒன்று சூடான பேனல் பக்கம் இருந்தால் இன்னும் மோசம். அரை நானோ வினாடிக்கும் குறைவான அந்த ஏறுமாறு, வேகமான லைனில் கண்ணுக்கே தெரியாது. எங்கள் லைனில் அதுதான் கால்வாசி ரீடிங்.

ஜீரோ செட் செய்வதற்கு முன்னால் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. மூடிய செங்குத்துப் பைப்பில் சூட்டு வித்தியாசம் இருந்தால் தண்ணீர் தானாகவே மெல்லச் சுழலும். அதை ஜீரோ என்று மீட்டருக்குக் கற்றுக்கொடுத்துவிடக் கூடாது. தண்ணீர் அடங்கிய பிறகு செட் செய்தோம். ஓடவிட்டால் 2.1 லிட்டர் பக்கம். தெர்மாமீட்டரோடு கணக்கு ஒத்துப்போனது.

ஆனாலும் ரீடிங் ஒரு இடத்தில் நிற்கவில்லை, 1.8-க்கும் 2.4-க்கும் நடுவே தாவியது. காரணம் ரெய்னால்ட்ஸ் எண், அதாவது ஓட்டம் அமைதியாகப் போகுமா கொந்தளிக்குமா என்று காட்டும் அளவு. 35 டிகிரி தண்ணீரில், எங்கள் ஒரு இன்ச் பைப்பில் 2 லிட்டருக்கு அது 2100, 3 லிட்டருக்கு 3000-க்குச் சற்று மேலே. ஓட்டம் அடுக்கடுக்காகப் போவதா கொந்தளித்துப் போவதா என்று முடிவு செய்யாமல் தடுமாறும் இடம் இதுதான். அடுக்கு ஓட்டத்தில் நடுவேகம் கூர்மையாக இருக்கும். ஒலி நடு வழியாகவே போவதால் அது பார்க்கும் வேகத்தை 0.75-ஆல் பெருக்கினால்தான் உண்மையான சராசரி. கொந்தளிப்பில் அந்தப் பெருக்கம் 0.93 அளவுக்குப் போய்விடும். மீட்டர் எதைப் போடும், பாவம்? டேம்பிங்கை (ரீடிங்கின் ஆட்டத்தை அடக்கும் செட்டிங்) கூட்டினால் எண் ஆடாமல் நிற்கும், உண்மை ஆகாது.

தண்ணீரை வேகப்படுத்துவதுதான் வழி. ஒரு இன்ச் துண்டைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் விட்டத்தை மாற்றும் ரெடியூசர் வைத்து அரை இன்ச் துண்டு போட்டோம். சென்சாருக்கு முன்னால் பைப் விட்டத்தைப் போல் பத்து மடங்கு, பின்னால் ஐந்து மடங்கு நீளம் நேராக விட்டும் மொத்தம் அரை மீட்டருக்குள் அடங்கியது. வேகம் இரண்டரை மடங்குக்கு மேல் கூடியது; 3 லிட்டருக்கு ரெய்னால்ட்ஸ் எண் 5000-ஐத் தாண்டுகிறது. ஒலியை நான்கு முறை குறுக்கே ஓடவிடும் டபிள்யூ முறைக்கு மாற்றினோம். இப்போது அதே 3 லிட்டருக்கு நேர வித்தியாசம் 5 நானோ வினாடி. நான்கு முறை ஓடினால் சிக்னல் மெலியும், ஆனால் டிஎம் வாட்டர் லைனில் உப்புப் படிவு இல்லாததால் தாக்குப்பிடித்தது. புதுத் துண்டு என்பதால் ஜீரோவை மறுபடி செட் செய்தோம்.

கடைசி வார்த்தை வாளிக்குத்தான். ரிட்டர்ன் ஹோஸைத் திருப்பி, ஃபெரோ சிலிக்கான் எடை போடும் தராசில் வாளியை வைத்து, ஐந்து நிமிடம் பிடித்தோம். ஹோஸைத் திருப்பியதும் பேக் பிரஷர் (எதிர் அழுத்தம்) மாறி ஓட்டமே மாறிவிடும். அதனால் வாளியில் விழும் அதே நேரத்து மீட்டர் ரீடிங்கோடுதான் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் வந்தது.

ஆக, தண்ணீர் நிஜமாகவே குறைவுதான். கிளை லைனின் வடிகட்டியான ஒய் ஸ்ட்ரெய்னரைத் திறந்தால் உள்ளே தேன் நிறத்தில் ரெசின் மணிகள். ரெசின் மணிகளால் தண்ணீரின் மிச்ச உப்பை எடுக்கும் மிக்ஸட் பெட் பாலிஷரின் உள் சல்லடை கிழிந்து, மணிகள் இங்கே வந்து அடைத்திருந்தன. கழுவி மாட்டியதும் 3.1 லிட்டர்.

நிரந்தரமாக வைக்க கிளாம்ப் ஆன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சின்ன விட்டக் குழாயில் ஒலி ஓட்டத்தின் நீளவாக்கிலேயே போகும் இன்லைன் வகை இருக்கிறது. வீட்டுக் குடிநீருக்கு வரும் அல்ட்ராசானிக் மீட்டர்கள் பல அந்த வகைதான். தண்ணீர் மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 4064 தரநிலைக் கணக்கில் ஆர்400 மீட்டர் (ரக ஓட்டத்தில் 400-இல் ஒரு பங்கு வரை அளப்பது), மணிக்கு 2500 லிட்டர் ரகமாக இருந்தால், மணிக்கு 6.25 லிட்டர் வரை 5 சதவீதத்துக்குள் அளந்தாக வேண்டும். நிமிடத்துக்கு 100 மில்லிதான்! ஆர்டர் போட்டாயிற்று. பாலிஷருக்குப் புதுச் சல்லடையும் அதே பர்ச்சேஸ் ஆர்டரில்.