மொரிஸ் மைனருக்குப் பொலியூரித்தேன் புஷ் போட்ட அனுபவம்

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனர்களில் ஒன்று எங்களுடையது. 1098 சிசி எஞ்சின் பூட்டிய, 1960களின் நடுப்பகுதியைச் சேர்ந்த நான்கு கதவுக் கார். எஞ்சினைப் பற்றி எனக்குப் பெரிய குறை எதுவும் இருக்கவில்லை. ஆனால் பிறேக்கை அழுத்தினால் முன்பக்கத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டு, கார் இடப்பக்கமாக இழுக்கும். குழியில் இறங்கி ஏறும்போது ஸ்டியரிங் தானாகவே சற்றுத் திரும்பி மீளும். டயரையும் பிறேக்கையும் சரிபார்த்த பிறகும் இவை குறையாததால், முன் சஸ்பென்சனைக் கழற்றி அதிலுள்ள இறப்பர் புஷ்கள் (இரும்பு மூட்டுகளுக்குள் அதிர்வைத் தாங்கும் வளையங்கள்) எல்லாவற்றுக்கும் பதிலாகப் பொலியூரித்தேன் என்ற கடினமான பிளாஸ்டிக்கில் செய்த புஷ்களைப் போடுவது என்று முடிவெடுத்தேன்.

மைனரின் முன் சஸ்பென்சன், 1948இல் வெளிவந்த முதல் மைனருக்கு அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அதே அமைப்புத்தான். உற்பத்தி முடியும்வரை அதன் அடிப்படை மாறவேயில்லை. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, காரின் அடியில் நீளவாட்டில் ஓடும் ஒரு முறுக்குக் கம்பி பாரத்தைத் தாங்குகிறது. அதன் முன்முனை, சக்கரத்தைக் கீழிருந்து காரோடு இணைக்கும் கீழ்க்கையில் பற்களால் பொருந்தியிருக்கும்; பின்முனை குறுக்குச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். மேலே தனியாக ஒரு கை கிடையாது. நெம்புகோல் வகை ஷொக் அப்சோபரின் கையே மேற்கையாகவும் வேலை செய்கிறது. இந்த அமைப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று இடங்களில் இறப்பர் இருக்கிறது: கீழ்க்கையின் உள்முனையைத் தாங்கும் வளையப் போல்டுக்குள், சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் இழுகம்பியின் முனையில், சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நிமிர்ந்த சக்கரத் தண்டை ஷொக் அப்சோபர் கை சந்திக்கும் மேல் மூட்டில். எங்கள் காரின் சத்தத்துக்கும் இழுப்புக்கும் முதற்காரணம் இழுகம்பியின் புஷ். அது நைந்துபோனால், பிறேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்துச் சக்கரம் சற்றுப் பின்னால் போய், காலை எடுத்ததும் முன்னால் வருகிறது.

இறப்பரின் குறை அதன் மென்மையில் இல்லை. இந்தக் காரில் அது இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. பழைய எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெயும், சக்கரத் தண்டுக்கு அடிக்கும் கிறீஸில் வழிவதும் இந்தப் புஷ்களின் மேல்தான் வந்து சேரும். இயற்கை இறப்பர் கனிம எண்ணெயில் ஊறினால் உப்பி, இளகி, கடைசியில் கையால் பிய்க்கும் நிலைக்கு வந்துவிடும். 1876இல் ஹெனரத்கொடைப் பூங்காவில் நட்ட கன்றுகளிலிருந்து இறப்பர் வளர்த்த நாட்டில் இருந்துகொண்டு இறப்பரைக் குறை சொல்வது சற்று வேடிக்கைதான். ஆனால் எங்கள் காரில் இருந்தவற்றுள் சில, யாரோ பழைய டயரிலிருந்து வெட்டிப் போட்ட துண்டுகள். பொலியூரித்தேனை எண்ணெய் அவ்வளவு எளிதில் தின்பதில்லை. கடினமும் கூட: ஷோர் A என்ற கடின அளவில் சாதாரண இறப்பர் புஷ் 50 முதல் 70 வரை இருக்கும் என்றால், வீதிக் கார்களுக்கான பொலியூரித்தேன் பெரும்பாலும் 75 முதல் 90 வரை இருக்கும். இதற்கு மேல் போனால் அது பந்தயக் காருக்குரியது. எங்கள் உள்வீதிகளுக்கு அது தண்டனை.

மைனருக்கான பொலியூரித்தேன் தொகுதிகளைப் பிரித்தானிய உதிரிப்பாகக் கடைகள் வழக்கமாகவே விற்கின்றன. இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் தம் பெட்டியில் ஒரு தொகுதியைக் கொண்டுவந்து தந்தார். வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பொலியூரித்தேனில் பொலியெஸ்டர் வகை, பொலியீதர் வகை என இரண்டு உள்ளன. முதல்வகை வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில் காலப்போக்கில் நீரால் சிதையும். எங்கள் காலநிலைக்கு இரண்டாவதுதான் ஏற்றது என்பதால், பணம் கொடுக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வேலையை எங்கள் பகுதியிலுள்ள ஒரு பழைய கராஜில், அறுபது வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவருடன் சேர்ந்து செய்தேன். நான் புஷ் தொகுதியைப் பிரித்துக் காட்டியபோது அவர் அதை அதிகம் பார்க்கவில்லை. “தம்பி, புஷ்ஷை மாத்திறது பெரிய வேலையில்லை. அது பிடிச்சுக்கொண்டிருக்கிற இரும்பை முதல்ல பாரும்” என்றார். அதன்பின் நடந்த வேலையில் பெரும்பகுதி இரும்பைப் பற்றியதாகவே இருந்தது.

கழற்றுவதில் ஆபத்தான கட்டம் முறுக்குக் கம்பியின் விசையை விடுவிப்பது. காரை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றிய பின், கீழ்க்கையின் வெளிமுனைக்குக் கீழே ஜாக்கை வைத்து, கார் தரையில் நிற்கும்போது கை எந்த நிலையில் இருக்குமோ அந்த அளவுக்கு உயர்த்த வேண்டும். அதன் பிறகுதான் மேல் மூட்டைக் கழற்றலாம். மூட்டு விடுபட்டதும் சக்கரத் தண்டையும் பிறேக் டிரம்மையும் கட்டுக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, பிறேக் குழாய் இழுபடாதபடி பார்த்துக்கொண்டு, ஜாக்கை மெல்ல மெல்ல இறக்கினால் கீழ்க்கை தாழ்ந்து, கம்பியில் இருந்த முறுக்கு முழுவதும் அவிழ்ந்துவிடும். ஜாக் இல்லாமல் மேல் மூட்டைத் தட்டிக் கழற்றினால், காரின் ஒரு பக்கத்துப் பாரத்தைத் தாங்கிய அந்தக் கம்பி கீழ்க்கையை எந்த வேகத்தில் கீழே அடிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கீழ்க்கை இரண்டு பாதிகளால் ஆனது. அவற்றைப் பிரிப்பதற்கு முன், கையும் கம்பியும் எந்தப் பல்லில் பொருந்தியிருக்கின்றன என்பதற்குப் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். ஒரு பல் மாறினாலும் காரின் ஒரு பக்கம் உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும். இடப்பக்கக் கை துருவால் கம்பியோடு ஒட்டிப்போயிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, இரவு முழுக்க விட்டு, மறுபடி ஊற்றி, மரக்கட்டையை இடையில் வைத்துத் தட்டியே எடுத்தோம். கம்பியில் பைப் ரென்ச் போடவோ உளியால் தட்டவோ அவர் கடைசிவரை விடவில்லை. முறுக்கைத் தாங்கும் உருக்கில் விழும் சிறு கீறல் பின்னொரு நாள் வெடிப்பாக வளரும் என்பதால், அந்தப் பிடிவாதம் எனக்கும் சரியாகவே பட்டது. ஒரு பக்கத்தில் பாவித்த கம்பி அந்தப் பக்கத்துக்கே பழகிவிடும். இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டக் கூடாது.

புஷ் உதிர்ந்துபோன வளையப் போல்டுக்குள் நெடுங்காலம் இரும்பும் இரும்பும் உரசியதில், இடப்பக்க வளையம் முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தது. அதற்குள் எந்த விலையுயர்ந்த புஷ்ஷைப் போட்டாலும் அது ஆடத்தான் செய்யும். உருக்கி நிரப்பி லேத்தில் கடையலாம் என்று ஒருவர் சொன்னார். சக்கரத்தையே தாங்கும் பாகத்தில் ஒட்டுவேலை வேண்டாம் என்று, உடைத்துவிட்ட வேறொரு மைனரிலிருந்து நல்ல போல்ட் ஒன்றைத் தேடி வாங்கினோம். 1990களில் காலிப் பகுதியில் மைனருக்கான உதிரிப்பாகங்களைச் செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பினார்கள் என்பதை நினைத்தால், ஒரு போல்டுக்காக இவ்வளவு அலைந்தது விந்தையாக இருந்தது. சக்கரத் தண்டின் கீழ் மரைமூட்டையும் இதே வேளையில் அளந்து பார்த்தோம். மைனரில் அது தேய்ந்து கழன்றால் சக்கரம் மடிந்து கார் தரையில் உட்கார்ந்துவிடும்; அதன் ஆட்டத்தைப் புஷ்ஷின் ஆட்டம் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு.

பூட்டும் வேலை எதிர்பார்த்ததைவிட இலகுவாக முடிந்தது. இறப்பர் புஷ் தன் இரு பக்க இரும்பையும் பற்றிக்கொண்டு, உள்ளே முறுகுவதன்மூலம் இடம் கொடுக்கிறது. அதனால்தான் கார் சக்கரத்தில் நிற்கும்போதுதான் நட்டை இறுக்க வேண்டும் என்பார்கள். பொலியூரித்தேன் முறுகுவதில்லை, இரும்பின் மேல் சுழல்கிறது. எனவே அது உட்காரும் இடத்தில் துருவோ பழைய பெயின்ற்றோ இருக்கக் கூடாது. நுண்மையான எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, தொகுதியோடு வந்த சிலிக்கோன் கிறீஸைத் தாராளமாகப் பூசினோம். சாதாரண கிறீஸ் விரைவில் வழிந்து காய்ந்துவிடும், பிறகு கீச்சிடும். சுழல்வதால் இறுக்கும் நிலை இங்கே அவ்வளவு முக்கியமில்லை என்றாலும், மெக்கானிக் பழைய வழக்கப்படி காரை இறக்கிவைத்துத்தான் கடைசி இறுக்கு இறுக்கினார்.

பின்பக்க இலை ஸ்பிரிங்குகளில் ஸ்பிரிங்கின் பின்முனையைக் காரோடு இணைக்கும் சங்கிலித் தகடுகளின் புஷ்களை மட்டும் மாற்றினோம். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையிலுள்ள தட்டைகளை இறப்பராகவே விட்டதற்குக் காரணம் சத்தம்: மைனரின் பின்னச்சு இயல்பாகவே முனகும், அதை நேரே இருக்கைக்குக் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை.

இறுதியாக முன்சக்கரங்களின் உள்வாங்கலை (முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட நெருங்கியிருக்கும் அளவை) 3/32 அங்குலத்துக்கு ஒழுங்குசெய்தோம். இதைச் செய்யாமல் விட்டால் புதிய புஷ்ஷின் பயனை டயர் தின்றுவிடும். இப்போது பிறேக் அழுத்தினால் கார் நேராக நிற்கிறது, ‘டக்’ சத்தம் இல்லை. கண்டி வீதியில் வேகம் எடுக்கும்போது, இந்தக் காரின் பற்சட்ட (rack and pinion) ஸ்டியரிங்கை ஏன் அக்காலத்தில் புகழ்ந்தார்கள் என்பது எனக்கு முதன்முறையாக விளங்கியது. சொகுசு மட்டும் கூடவில்லை. சிறு கற்களின் அதிர்வு முன்பைவிடத் தெளிவாகவே கைக்கு வருகிறது. சொகுசை எதிர்பார்த்து இந்த வேலையில் இறங்குபவர் நல்ல இறப்பர் புஷ்ஷையே போடலாம். சில நூறு மைல்கள் ஓடியபின் இழுகம்பி நட்டுகளை மறுபடி பார்த்தோம், ஒன்று மட்டும் கால்சுற்று இறுக்கம் கேட்டது. மிச்சமிருக்கும் ஒரே சத்தம் வலப்பக்க ஷொக் அப்சோபரிலிருந்து வருகிறது. அதைத் திருத்தக் கொடுத்திருக்கிறோம்.