கிரீன் சர்க்கிளுக்கு ஒரு டூப்ளிகேட்

பாலிடெக்னிக்கில் ஃபைனல் இயர் பிராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் என் மேஜைக்கு வரும் தலைப்புகளில் பாதி ஏஐதான். இந்த வருடம் ஒரு டீம், "மேடம், கிரீன் சர்க்கிள்ல சிக்னலை ஏஐயே கன்ட்ரோல் பண்ற மாதிரி செய்யறோம்" என்று வந்து நின்றது. வண்டிகள் மொய்க்கும் அந்தச் சந்திப்பைப் பார்த்தால், வேலூரில் பஸ் ஏறி இறங்குகிற யாருக்கும் வரக்கூடிய ஆசைதான். ஆனால் இந்த மாதிரி புரோகிராம் தப்பு செய்துதான் கற்கும். ஆரம்பத்தில் கண்டபடி பச்சையும் சிவப்பும் போட்டுப் பார்க்கும். அதை நிஜ ரோட்டில் விட்டால் சாயங்காலத்துக்குள் சத்துவாச்சாரி வரைக்கும் வண்டி நிற்கும். அதனால் முதலில் தேட வேண்டியது, அது இஷ்டத்துக்குத் தப்பு செய்ய கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்யான ஊர், அதாவது சிமுலேட்டர்.

பசங்க முதலில் காட்டியது கார்லா என்ற சிமுலேட்டர். 2017-இல் வந்தது, வீடியோ கேம் செய்யப் பயன்படும் அன்ரியல் எஞ்சின் மேல் கட்டியது. மழை, வெயில், நிழல் எல்லாம் சினிமா மாதிரி இருக்கும். தானாக ஓடும் காருக்குக் கேமரா வழியாக ரோட்டைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க அருமையான இடம். நமக்கு எதற்கு? சிக்னலுக்கு வண்டி எத்தனை நிற்கிறது என்று தெரிந்தால் போதும், அதன் பெயின்ட் கலர் தேவையில்லை. தவிர, அதை ஓட்ட நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். எங்கள் லேப் கம்ப்யூட்டர்கள் அதற்குத் தாங்காது.

அடுத்து ஜிம்னேசியம். இதை ஒரு ஊர் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். ஊரையும் கற்கும் புரோகிராமையும் இணைக்கிற பிளக் பாயின்ட் என்பதுதான் சரி. 2016-இல் ஓபன்ஏஐ 'ஜிம்' என்று வெளியிட்டது. 2022-லிருந்து ஃபராமா ஃபவுண்டேஷன் அதை ஜிம்னேசியம் என்ற பெயரில் பார்த்துக்கொள்கிறது. ரீசெட் என்றால் உலகம் முதலிலிருந்து தொடங்கும். ஸ்டெப் என்றால் ஒரு செயலைச் செய்து, இப்போதைய நிலைமையும், அந்தச் செயல் எவ்வளவு நல்லது என்கிற மார்க்கும் திரும்ப வரும். அதோடு வரும் கார்ட்போல் என்ற சின்னப் பயிற்சியை எந்த டீமாக இருந்தாலும் முதலில் செய்ய வைப்பேன். ஓடும் வண்டி மேல் ஒரு கம்பு. நான்கு எண்களைப் பார்த்து இடமா வலமா என்று தள்ள வேண்டும். 12 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் ஆட்டம் முடிந்தது. பழைய லேப்டாப்பிலேயே ஓடும்.

ரோபோ பிராஜெக்ட் என்றால், ரோபோவின் அசைவுகளைக் கணக்கிடும் முஜோகோ என்ற சிமுலேட்டர். முன்பு லைசென்ஸுக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது. 2021-இல் டீப்மைண்ட் வாங்கி இலவசமாக்கிவிட்டது.

எங்கள் வேலைக்குச் சரியாக வந்தது சுமோ. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டிஎல்ஆர் 2001-லிருந்து வளர்க்கும் போக்குவரத்து சிமுலேட்டர், இலவசம். பார்க்க ஒன்றும் அழகில்லை, சின்னச் சின்ன முக்கோணங்கள் ஊர்ந்து போகும், அவ்வளவுதான். ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய மேப்பில் கிரீன் சர்க்கிளைக் கட்டம் போட்டுக் கொடுத்தால் ரோடுகளோடு ஊர் தயார். 'லெஃப்ட் ஹேண்ட்' என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் வேலூர் முழுக்க வலப்பக்கம் ஓட்டும். சுமோ-ஆர்எல் என்ற பைதான் பேக்கேஜ் இதை ஜிம்னேசியம் பிளக்கில் சொருகிக் கொடுக்கும்.

நம் ஊர் நடப்பை அதற்குள் கொண்டுவருவதில்தான் சுவாரசியம். சாதாரண அமைப்பில் எல்லா வண்டியும் லேனுக்குள் ஒன்றன் பின் ஒன்றாக ஒழுங்காக நிற்கும். அப்படி ஒரு வேலூரை நான் பார்த்ததில்லை. ஒரு லேனைக் குறுகலான பட்டைகளாகப் பிரிக்கும் சப்லேன் மாடலைப் போட்டால்தான் பைக்குகள் பஸ்ஸுக்குப் பக்கத்து இடுக்கில் புகுந்து முன்னால் வரும். ஆள் ஏற்ற ஷேர் ஆட்டோ நடு ரோட்டில் நிற்பதையும் எழுதலாம்: வழியில் ஒரு ஸ்டாப் கொடுத்து, பார்க்கிங் இல்லை என்று விட்டால் அது லேனை அடைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து டீமில் ஒருவன், "இதுதான் மேடம் நம்ம ஊரு" என்றான்.

ஒரு எச்சரிக்கை. சுமோவில் 300 விநாடி நகராமல் மாட்டிக்கொண்ட வண்டியை, மாற்றிச் சொல்லாவிட்டால், அதுவே தூக்கி வழியில் முன்னால் காலியாக உள்ள ரோட்டில் வைத்துவிடும். டெலிபோர்ட் என்று பெயர். அப்போது ஒரு பக்கத்துக்குப் பச்சையே கொடுக்காமல் அடியோடு பட்டினி போட்டாலும் ஏஐக்குத் தண்டனை குறைகிறது. வண்டி காத்திருக்கும் நேரத்தை வைத்து மார்க் போட்டால் அதிலும் ஒரு ஓட்டை உண்டு: வண்டி கொஞ்சம் நகர்ந்தாலே அந்தக் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். எல்லாரையும் ஓரடி நகர்த்தி நிறுத்துகிற சிக்னல் நல்ல பெயர் வாங்கிவிடலாம். 2016-இல் ஓபன்ஏஐ சோதித்த ஒரு படகுப் பந்தய விளையாட்டில், படகு பந்தயத்தை முடிக்காமல் ஒரே இடத்தில் வட்டமடித்துப் பாயின்ட் பொறுக்கியது. அதே புத்திதான் இதுவும். மார்க் கிராஃப் ஏறுகிறதே என்று சந்தோஷப்படாமல், திரையில் வண்டிகள் என்ன செய்கின்றன என்று உட்கார்ந்து பாருங்கள்.

சோதிக்கும்போது, பழக்கிய டிராஃபிக்கையே திரும்பக் கொடுக்கக் கூடாது. வேறு ரேண்டம் சீடு (வண்டிகள் வரும் வரிசையை மாற்றும் எண்), முகூர்த்த நாள் கூட்டம், ஒரு லேனை மறித்து நிற்கும் லாரி என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒப்பிட சாதாரண டைமர் சிக்னல் மட்டும் போதாது. வண்டி வருவதைப் பார்த்துப் பச்சையை நீட்டுகிற ஆக்சுவேட்டட் சிக்னல் சுமோவிலேயே இருக்கிறது, அதையும் பக்கத்தில் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். ஏஐ அதனிடம் தோற்றால் ரிப்போர்ட்டில் அப்படியே எழுதட்டும், நான் மார்க் குறைக்க மாட்டேன்.