கடைசி பெஞ்சில் உட்கார்ந்த கைடு

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியலில் முழுநேர பிஎச்.டி. சேர்ந்தேன். வயலில் வாழும் நீலப்பச்சைப் பாசிதான் என் தலைப்பு. ஆய்வு மாணவர்கள் கற்பிக்கவும் பயிற்சி பெற வேண்டும், வாரம் 4 முதல் 6 மணி நேரம் டுடோரியல், லேப், திருத்தும் வேலை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறை சொல்கிறது. எனக்குக் கிடைத்ததோ, யாராவது லீவு போட்டால் "போய் ஒரு மணி நேரம் பார்த்துக்கம்மா" என்பதுதான். அட்டெண்டன்ஸ் எடுத்து, நோட்ஸ் சொல்லி எழுதவைத்துவிட்டு வருவேன். பாடம் நடத்துகிறேன் என்றே நினைத்திருந்தேன்.

கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் தகுதித் தேர்வும் இதைக் கண்டுகொள்வதில்லை. தமிழ், வரலாறு படித்தவர்களுக்கு யுஜிசி நெட் முதல் தாளில் கற்பித்தல் திறன் என்று ஒரு பகுதியாவது உண்டு. அறிவியல் படித்த எங்களுக்கான சிஎஸ்ஐஆர் நெட்டில் அதுவும் கிடையாது.

மூன்றாம் வருஷம் ஒரு தனியார் கல்லூரி நேர்முகத் தேர்வு. பத்து நிமிட டெமோ கிளாஸுக்கு 26 ஸ்லைடு கொண்டுபோனேன். ஏழாவது ஸ்லைடில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

அழாத குறையாக வந்து சொன்னதும் என் ஆய்வு நெறியாளர், அதாவது கைடு, சிரித்தார். "செகண்ட் இயருக்கு வாரம் ஒரு கிளாஸ் நீ எடு. நான் பின்னாடி உட்கார்ந்துக்கறேன்." முதல் வகுப்பு முடிந்ததும் தன் குறிப்பேட்டைக் காட்டினார். பாடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. 'புரியுதா: 14 தடவை. பதில்: புரியுது மேடம், 14 தடவை. வேற கேள்வி: இல்லை.' எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அடுத்த வாரம் ஸ்லைடை விட்டுவிட்டேன். பாபநாசம் பக்கத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி, மாட்டுத் தீவனத்துக்கு வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் அசோலா என்ற நீர்ப்பெரணியைத் தூக்கில் கொண்டுவந்தாள். ஒரு துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கவர் ஸ்லிப்பால் நசுக்கினோம். இலைக்குள் குடியிருந்த அனபீனா பாசி, செல்களைக் கோத்த மணிமாலையாக வெளியே வந்தது. ஊடே ஊடே பெரிய மணிகள். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உதவும் வடிவில் நிலைநிறுத்துவது அவைதான். "இந்த மணிக்கு மட்டும் ஏன் சுவர் தடிப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லியிருந்தார் கைடு. ஏழிலேயே நாக்கு துறுதுறுத்தது.

"ஆக்ஸிஜன் உள்ள வரக் கூடாதுன்னா மேடம்?"

அதேதான், ஆக்ஸிஜன் பட்டால் அந்த வேலையைச் செய்யும் நைட்ரோஜினேஸ் என்சைம் கெட்டுவிடும் என்று நான் ஆரம்பிப்பதற்குள் பின்வரிசைப் பையன் குறுக்கிட்டான்: "அப்ப நைட்ரஜன் மட்டும் எப்படி மேடம் உள்ள போகும்?"

மூன்று வருஷமாக இந்தப் பாசியோடுதான் குடித்தனம். இது எனக்குத் தோன்றியதே இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். இரவு உட்கார்ந்து படித்தேன். சுவர் இரண்டு வாயுக்களையுமே மெதுவாகத்தான் விடுகிறது. கசிந்து வரும் கொஞ்ச ஆக்ஸிஜனை செல் சுவாசித்தே தீர்த்துவிடுகிறது. மறுநாள் போய்ச் சொன்னபோது அந்தப் பையன் லீவு. அதற்கடுத்த நாள் அவனுக்காக இன்னொரு முறை சொன்னேன்.

அசோலா வகுப்பன்று கைடின் குறிப்பேட்டில் 'புரியுதா' மூன்று தடவை.

அடுத்த நேர்முகத் தேர்வுக்கு ஒரு டிபன் பாக்ஸில் அசோலாவோடு போனேன். சுயநிதிப் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.