எங்கள் ஊர் மருத்துவமனைக்கு நிலம் கிடைத்த விதம்

எங்கள் ஊர் மலேசியாவின் கெடா மாநிலத்தின் தென்பகுதியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிறு நகரம். ரப்பர்த் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து, இராணுவத்தில் சேர்ந்து, ஓய்வு பெற்றபின் இங்கேயே குடியேறிய தமிழர்கள் பலர் இருக்கிறோம். சுற்றுவட்டாரத் தோட்ட மக்களுக்கென ஒரு மருத்துவமனையும், அதற்குள் முன்னாள் படைவீரர்களுக்கென ஒரு தனிப் பிரிவும் கட்டப்படும் என்று அறிவித்து, பெயர்ப்பலகையும் நட்டுவிட்டுப் போனார்கள். பலகையைச் சுற்றி லாலான் புல் ஆளுயரம் வளர்ந்த பிறகும் வேலை தொடங்கவில்லை. அதைத் தொடங்கவைக்க எங்கள் சங்கம் என்ன செய்தது என்பதை, இதே நிலையில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

இந்த மருத்துவமனை எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1968 முதல், 1989 டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹாட்ஞாய் நகரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை, கம்யூனிஸ்டு கிளர்ச்சியாளர்களுக்கு எதிராகத் தாய்லாந்து எல்லைக் காடுகளில் ரோந்து போனவர்களில் பலர் கண்ணிவெடியில் காலை இழந்தார்கள். எங்கள் சங்கத்திலும் அப்படி ஒரு மூத்தவர் இருக்கிறார். வயது ஏற ஏற அவருடைய காலின் எஞ்சிய பகுதி சுருங்கி, செயற்கைக் காலின் குழி தளர்ந்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகக் காலுறைகளை மாட்டி அதை இறுக்கிக்கொண்டு அவர் செம்மண் சாலையில் நடப்பதையும், மாலையில் கழற்றும்போது தோல் உரிந்து சிவந்திருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு நீரிழிவும் உண்டு. அந்தப் புண் ஆறாவிட்டால் எதில் கொண்டுபோய் விடும் என்பது எல்லாருக்கும் தெரியும். குழியை மறுபடி அளவெடுத்துச் செய்ய அவரைக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தூரம் பேருந்தில் உட்கார்ந்து போவதே அவருக்குப் பெரும் வதையாக இருந்தது.

எல்லாரையும் போல நாங்களும் மகஜரில்தான், அதாவது பலர் கையெழுத்திட்ட கோரிக்கை மனுவில்தான், தொடங்கினோம். கோயில் திருவிழாவிலும் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியிலும் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினோம். மலாய்க்கார, சீன நண்பர்களும் தங்கள் பகுதிகளில் வாங்கித் தந்தார்கள். மகஜரைப் பெற்றுக்கொண்ட தலைவர்கள் மரியாதையாகப் பேசினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், வேறெதுவும் நடக்கவில்லை. படைவீரர் நலன் தற்காப்பு அமைச்சின் கீழ் வருகிறது. பொது மருத்துவமனை சுகாதார அமைச்சைச் சேர்ந்தது. கட்டடத்தைப் பொதுப்பணித் துறை எழுப்பும். நிலமோ மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. எங்கள் கடிதங்களுக்குப் பதில் வந்தபோதெல்லாம், இது எங்கள் பொறுப்பன்று, இன்ன அலுவலகத்தைக் கேளுங்கள் என்றுதான் வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேதனை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையின்படி மருத்துவமனை கூட்டரசின், அதாவது மத்திய அரசின், அதிகாரப் பட்டியலிலும் நிலம் மாநிலத்தின் பட்டியலிலும் இருப்பதால், ஒவ்வொருவரும் சொன்னது அவரவர் அளவில் சரியாகவே இருந்தது.

நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் எங்கள் கூட்டத்துக்கு வந்த பிறகுதான் வழி திறந்தது. "மருத்துவமனை எப்போது வரும் என்று கேட்காதீர்கள், 'டி' படிவம் எந்தத் தேதியில் அரசிதழில் வந்தது என்று கேளுங்கள்," என்றார் அவர். மருத்துவமனைக்குக் குறித்திருந்த இடத்தில் ஒரு பகுதி அரசு நிலம். மறு பகுதி தோட்டத்துக்குச் சொந்தமானது. தனியார் நிலத்தை எடுக்க வேண்டுமானால் 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்கீழ் 'டி' படிவத்தில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அறிவிப்பு வந்த 2 ஆண்டுகளுக்குள் நில நிர்வாகி விசாரணை நடத்தி இழப்பீட்டைத் தீர்மானிக்காவிட்டால், அந்த அறிவிப்பு காலாவதியாகிவிடும். எங்கள் நிலத்துக்கு நடந்தது இதுவேதான். இழப்பீடு தீர்மானிக்கப்படாமலே காலம் ஓடி, அறிவிப்பு செத்துப்போயிருந்தது. நிலம் கூட்டரசு நில ஆணையர் பெயருக்கு வராததால், மலேசியத் திட்டம் எனப்படும் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டத்தில் இந்த மருத்துவமனைக்கென எழுதியிருந்த பணத்தைத் தொட முடியாமல், அது அடுத்த திட்டத்துக்குத் தள்ளிப்போடப்பட்டிருந்தது. ஊரில் நாங்கள் பணம் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதன்பின் எங்கள் கோரிக்கையின் உருவமே மாறியது. நீண்ட மகஜரைக் கைவிட்டு, ஒரே பக்கத்தில் தேதி கேட்கும் கேள்விகளை மட்டும் எழுதினோம்: நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது, 'டி' படிவம் மீண்டும் எப்போது வெளியாகும், இழப்பீட்டு விசாரணை எந்த மாதம் நடக்கும். அவற்றை நாடாளுமன்ற உறுப்பினர் எழுத்துமூலக் கேள்வியாக மக்களவையிலும், சட்டமன்ற உறுப்பினர் மாநிலச் சட்டமன்றத்திலும் கேட்டார்கள். இருவரும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். எந்த மேடையிலும் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்திப் பேசுவதில்லை என்று சங்கம் தீர்மானம் போட்டு, அதைக் கடைசி வரை காப்பாற்றியது. இந்தக் கட்டுப்பாடு இல்லாதிருந்தால் எங்கள் கோப்பு தேர்தல் சண்டையில் சிக்கிச் செத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எழுத்துமூலப் பதிலுக்கு ஒரு பெரிய பலன் உண்டு. அதில் ஒரு மாதம் குறிப்பிட்டுவிட்டால், அந்த மாதம் கடந்ததும் அதே தாளைக் காட்டி அடுத்த கேள்வியைக் கேட்கலாம். அப்படித்தான் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

புதிய அறிவிப்பு வெளியாகி, விசாரணை முடிந்து, நிலம் கையகப்படுத்தப்பட்டதைத் தெரிவிக்கும் 'கே' படிவமும் வந்துவிட்டது. இப்போது அங்கே மண் நிரவும் வேலை நடக்கிறது. வரைபடத்தை எங்களுக்குக் காட்டினார்கள். முன்னாள் படைவீரர் பிரிவு அதில் இருக்கிறது. ஆனால் செயற்கை உறுப்புகளை அளவெடுத்துச் சரிசெய்யும் பட்டறை இல்லை. அது இல்லாவிட்டால் எங்கள் மூத்தவர் மறுபடியும் கோலாலம்பூர் பேருந்தில்தான் ஏற வேண்டும். ஆகவே, தரைத்தளத்தில் அந்தப் பட்டறைக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று, நில விஷயத்தில் கேட்டதைப் போலவே, யார் எந்தத் தேதிக்குள் முடிவெடுப்பார் என்ற கேள்வியோடு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.