தேனீ வளர்ப்புத் தேர்வு முடிந்தது: முதல் பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது. எழுத்துத் தேர்வு, செய்முறை, நேர்முகம் மூன்றிலும் பாஸ். இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். அடுத்த பேட்சில் சேரப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தப் பெட்டி வாங்கலாம்? நேர்முகத்திலும் என்னைச் சுற்றிச் சுற்றி அதையேதான் கேட்டார்கள். அதனால் தேர்வையும் பெட்டியையும் சேர்த்தே எழுதுகிறேன். ராணி, ஆண், வேலைக்காரத் தேனீ வேறுபாடெல்லாம் நோட்ஸிலேயே இருக்கிறது, அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கே ஒரு அளவு டேப் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மார்க் வாங்கிக் கொடுத்தது அதுதான்.

செய்முறை மேசையில் பெட்டிகளை வரிசையாக வைத்து, எது எந்த வகை என்று கேட்பார்கள். பெயின்ட்டையும் மூடியையும் பார்த்துச் சொல்லப் போனால் குழம்பிவிடும். மூடியைத் திறங்கள், கீழ் அறையிலிருந்து ஒரு சட்டத்தை (தேனீ மெழுகால் அடை கட்டும் மரச் சட்டம்) வெளியே எடுங்கள், அளந்து பாருங்கள்.

சுமார் 20 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம் என்றால் நியூட்டன் வகை. மார்த்தாண்டம் பெட்டியும் இந்தக் குடும்பம்தான்.
அதைவிடப் பெரிது, ஆனால் லாங்ஸ்ட்ராத்தைவிடச் சிறிது என்றால் ஐ.எஸ்.ஐ. பி வகை.
45-க்கு 23 என்றால் லாங்ஸ்ட்ராத், இத்தாலியத் தேனீக்கு உரியது.

சட்டத்தின் அளவு தெரிந்துவிட்டால் அடுத்து வரும் கேள்விகளுக்கெல்லாம் பதில் அதிலிருந்தே வரும். எந்தத் தேனீக்கு, எவ்வளவு பெரிய கூட்டத்துக்கு, தூக்கிக்கொண்டு போக முடியுமா, எந்தத் தேன் எடுக்கும் இயந்திரத்துக்குள் போகும், எல்லாமே.

இனி வீட்டுக்கு வாங்கும் பெட்டி. குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பதில் ஒன்றே ஒன்று: உங்கள் பக்கத்து விளையில் (தோப்பில்) இருப்பவர் எந்த அளவுச் சட்டம் வைத்திருக்கிறாரோ, அதே அளவு. மார்த்தாண்டம், திருவட்டாறு, குலசேகரம் பக்கமெல்லாம் நான் பார்த்தவரை அது நம்ம ஊர்ச் சின்னப் பெட்டிதான். திருச்சிப் பக்கம் பணியாற்றிய பாதிரியார் நியூட்டன், இந்தியத் தேனீக்கென்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்த பெட்டியை ஒட்டியது அது. இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்த 1920-களில், மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் பணி வழியாகத் தேனீ வளர்ப்பு வீடுகளுக்குள் வந்தது. அப்போதிருந்து இங்கே தச்சர் கைக்குப் பழகியது இந்தச் சின்னப் பெட்டிதான்.

அளவு ஒன்றாக இருப்பதன் அருமை எனக்குப் புரிந்தது, பக்கத்து விளை மாமா என் பெட்டியைப் பார்க்க வந்தபோது. என் கூட்டம் மெலிந்து கிடந்தது. "மக்ளே, மொதல்ல ஒரு சட்டத்த எடுத்துக் காட்டு" என்றார். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனவர், தன் பெட்டியிலிருந்து மூடிய புழு அறைகள் நிறைந்த ஒரு அடையைச் சட்டத்தோடு கொண்டுவந்தார். தேனீக்களைத் திரும்பத் தன் பெட்டிக்குள்ளேயே உதறிவிட்டு, அடையை மட்டும்தான் எடுத்து வந்திருந்தார். மேல்கட்டையின் இரண்டு நுனியும் என் பெட்டியின் வெட்டில் சரியாக உட்கார்ந்தன. புதுத் தேனீக்கள் பொரிந்து வர வர, கூட்டம் தேறியது. சட்டம் அரை அங்குலம் நீளமாக இருந்திருந்தால் அவரால் எனக்கு உதவியிருக்கவே முடியாது. நாலு பேரிடம் கேட்டுச் செய்கிற சுபாவம் எனக்கு. அதனால் இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெரிய பெட்டி வாங்கினால் தேன் அதிகம் கிடைக்குமே என்று கேட்கிறார்கள். நம் இந்தியத் தேனீயின் கூட்டம் சிறியது. அதை லாங்ஸ்ட்ராத் பெட்டியில் விட்டால் அடைகளை முழுக்க மூடி உட்காரத் தேனீ போதாது. ஆளில்லாத அடையில் மெழுகுப் பூச்சி முட்டை வைக்கும். அப்புறம் வலை வலையாகப் புழு, ஒருநாள் காலையில் கூட்டம் பறந்து போயிருக்கும். அடைகளுக்கு இடையிலான தூரமும் ஒத்துப்போகாது: இத்தாலியத் தேனீக்கு மையத்துக்கு மையம் 3.5 செ.மீ. வேண்டும், நம் தேனீக்கு 3 செ.மீ. சொச்சம் போதும். இடைவெளி கூடினால் குறுக்கே அடை கட்டிச் சட்டங்களை ஒட்டிவிடும். நேர்முகத்தில் இதைக் காரணத்தோடு சொன்னபோதுதான் எதிரில் இருந்தவர் தலையாட்டினார்.

எங்கள் பேட்சிலேயே, குழாயைத் திருப்பினால் தேன் வரும் ஆஸ்திரேலியப் பெட்டியைப் பற்றி ஒருவர் விசாரித்தார். அதுவும் பெரிய சட்டம்தான். நம் தேனீக்கு வேண்டாம். கொசுத்தேனீ வளர்ப்பவர்களுக்குச் சட்டமே தேவையில்லை, மூங்கிலோ சின்ன மரப்பெட்டியோ போதும். அது தனிப் பாடம்.

தச்சரிடம் போகும்போது பார்க்க வேண்டியவை:

மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பலா, அயினி நல்லது. வாசனை தூக்கலான மரம் வேண்டாம். பதப்படுத்தாத ரப்பர் மரம் மழையில் உளுத்துவிடும்.

மூலைகளில் வெளிச்சம் தெரியக்கூடாது. இத்தாலியத் தேனீ மரப்பிசின் கொண்டுவந்து விரிசலை அடைத்துக்கொள்ளும், நம் தேனீ அதைச் செய்யாது. நீங்கள் விட்ட விரிசல் விரிசலாகவே இருக்கும். எறும்பும் மெழுகுப் பூச்சியும் அதன் வழியாகத்தான் வரும்.

மேலே வைக்கும் தேன் அறையின் சட்டங்கள் பாதி உயரம்தான். சீக்கிரம் நிறைந்து மூடிவிடும்.

பெட்டியைத் தாங்கும் ஒற்றைக் கால் நிறுத்தியில், எறும்பு ஏறாமல் தடுக்கும் தண்ணீர்க் கிண்ணம் கட்டாயம்.

மானியத்தில் பெட்டி கிடைத்தாலும் டேப்பை எடுங்கள். அளந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சின்னப் பெட்டியின் இன்னொரு லாபம் ஜனவரியில் தெரியும். ரப்பர் இலை உதிர்ந்து செம்பு நிறத்தில் தளிர் விடும் நேரம் அது. ஒரு தளிரைப் பறித்து, மூன்று இலைகளும் காம்பில் சேரும் இடத்தைப் பாருங்கள், பொடிப் பொடியாக ஈரம் மின்னும். நாக்கில் வைத்தால் இனிக்கும். இங்கே தேனுக்குப் பெரிய வரத்து பூவிலிருந்து இல்லை, இந்தக் காம்பிலிருந்துதான். இரவில் வாசலை அடைத்து, பெட்டிகளை வண்டியில் ஏற்றி ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சின்னப் பெட்டி என்றால் ஒரு ஆளே தூக்கிவிடலாம்.

எந்தப் பெட்டி வாங்கினாலும் மழைக்காலப் பட்டினியைப் பெட்டி தீர்க்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சிரட்டையில் சர்க்கரைக் கரைசல் வைத்தே ஆகவேண்டும். 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பெயர் கொண்ட 'தாய் சேக்புரூட்' என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் வந்து இங்கே ஏராளமான கூட்டங்கள் அழிந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். நோய் கண்ட அடையை வாங்கிவிடாதீர்கள். சட்டம் பொருந்துகிறது என்பதற்காகக் கண்ட அடையையும் உள்ளே வைக்கக்கூடாது.

அக்டோபரில் இருந்து கூட்டம் பெருகத் தொடங்கும், ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரித்து எடுப்பதும் அப்போதுதான். தச்சரிடம் ஓணத்துக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள். மாதிரிக்குப் பக்கத்து விளையிலிருந்து ஒரு காலிச் சட்டத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு போங்கள்.