பூ மார்க்கெட் கணக்கை வைத்து ஆண்ட்ராய்டு கற்பது

முதல் ஆப்பாக எதைச் செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கான வரவுக் கணக்கு. ரெண்டு திரை போதும். விவசாயி பெயர், பூ, எடை, விலை போட ஒன்று. அன்றைய பட்டியல் பார்க்க ஒன்று. பணம், தமிழ் எழுத்து, நெட் இல்லாத நேரம், பாதியில் வரும் போன் கால் எல்லாம் இந்தச் சின்ன ஆப்புக்குள்ளேயே வந்துவிடும். வீடியோ பார்த்துச் செய்யும் வானிலை ஆப்பில் இதில் பாதிகூட வராது.

ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, நிரல் மொழியான கோட்லின், திரைகளை வரையும் ஜெட்பேக் கம்போஸ் மூன்றும் போதும். ஐபோனுக்கும் சேர்த்துச் செய்ய ஃப்ளட்டர் என்ற கருவி இருக்கிறது. ஆனால் ஐபோனுக்கு பில்ட் எடுக்க மேக் வேண்டும், ஆப் ஸ்டோருக்கு வருஷத்துக்கு 99 டாலர் கட்ட வேண்டும். பிளே ஸ்டோருக்கு ஒரே தடவை 25 டாலர்.

8 ஜிபி ரேம் லேப்டாப்பில் எமுலேட்டர் (லேப்டாப்புக்குள் ஓடும் போலி போன்) திணறும். ஒரு பழைய போனையே மாட்டி ஓட்டுங்கள். போனின் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள். அதன் பிறகும் ஸ்டுடியோவில் போன் தெரியாவிட்டால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு.

இனி பணம். டபுளில் (தசம எண் வகை) பணத்தை வைக்கவே கூடாது, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். எடையைக் கிராமாகவும் விலையைக் காசாகவும் முழு எண்ணில் வையுங்கள். கிலோ 640 ரூபாய்க்கு 3.75 கிலோ மல்லி என்றால் 3750 × 64000 ÷ 1000 = 2,40,000 காசு, அதாவது 2,400 ரூபாய். இதே கணக்கை இன்ட்டில் (சின்ன முழு எண் வகை) எழுதிவிட்டு 40 கிலோ போட்டுப் பாருங்கள். பெருக்குத்தொகை 256 கோடி. இன்ட் தாங்குவது 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம்தான். 25,600 ரூபாய் வர வேண்டிய இடத்தில் மைனஸ் 17,349 ரூபாய் 67 காசு வந்து நிற்கும். கோட்லின் எந்தப் பிழையும் காட்டாது. முகூர்த்த நாளில் விலை கிலோ 2,000 ஆகிவிட்டால் 10 கிலோ 738 கிராமிலேயே இது நடக்கும். ஒரு கிலோ, ரெண்டு கிலோ போட்டுச் சோதிப்பவருக்கு இது கண்ணில் படாது. பெருக்குவதற்கு முன்பே லாங் (பெரிய முழு எண் வகை) ஆக மாற்றிவிடுங்கள். பெருக்கிய பிறகு மாற்றிப் பயனில்லை.

அடுத்தது பெயர் வரிசை. யூனிகோடில் (கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) ன என்பது ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. டேட்டாபேஸில் சும்மா வரிசைப்படுத்தினால் முருகனுக்கு முன்னால் முனியாண்டி வந்துவிடுவார். நம் அகரவரிசையில் ன கடைசி எழுத்து, ஆகவே முருகன்தான் முதலில். தமிழ் லொகேல் (மொழி அமைப்பு) கொடுத்த கொலேட்டரை (எழுத்து வரிசை தெரிந்த கருவி) வைத்து வரிசைப்படுத்துங்கள். எழுத்து எண்ணிக்கையிலும் கவனம் தேவை: மல்லி நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஐந்து. இடம் போதவில்லை என்று பெயரை நடுவில் வெட்டினால் புள்ளியோ கொம்போ விடுபட்டு எழுத்தே மாறிவிடும்.

போனைச் சாய்த்தால் ஆண்ட்ராய்டு அந்தத் திரையை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். கம்போஸில் மதிப்பை நினைவில் வைக்கும் ரிமெம்பரில் மட்டும் வைத்த எடை காணாமல் போகும். வியூமாடல் (திரைக்கு வெளியே தகவலை வைக்கும் இடம்) சாய்ப்பதைத் தாங்கும். ஆனால் 3 ஜிபி போனில் கால் வந்து, ஆப் பின்னால் போய், சிஸ்டம் அதை முடித்துவிட்டால் தாங்காது. பாதி டைப் செய்ததை, அப்போதும் தாங்கும் ரிமெம்பர்சேவபிளில் வையுங்கள். சேவ் அழுத்திய வரி அந்த நொடியே போனிலேயே சேமிக்கும் ரூம் டேட்டாபேஸுக்குள் போகட்டும். சோதிக்க வேண்டுமானால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' ஆன் செய்து பாருங்கள், மறந்துபோனதெல்லாம் வெளியே வரும்.

டேப்லெட்டுக்குத் தனி ஆப் வேண்டாம். அகலம் 840 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவின் அலகு) தாண்டினால் ரெண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். பட்டன் 48 டிபிக்குக் குறைய வேண்டாம். பூ அள்ளிய ஈரக்கையால் தொடுவார்கள்.

கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் டீபக் ஏபிகே (சோதனைக்காக ஸ்டுடியோ தன் சாவியால் கையெழுத்திட்டுத் தரும் ஆப் கோப்பு) அனுப்பும் பழக்கம் ஆபத்தானது. டீபக் சாவி லேப்டாப்புக்கு லேப்டாப் வேறு. லேப்டாப் மாறினால் புது ஏபிகே பழையதின் மேல் ஏறாது. பழையதை நீக்கினால் அதோடு மொத்தக் கணக்கும் போய்விடும். முதல் நாளிலிருந்தே ரிலீஸ் சாவி ஒன்றை உருவாக்கி அதில்தான் கையெழுத்திட வேண்டும். அந்தக் கோப்பும் பாஸ்வேர்டும் லேப்டாப்புக்கு வெளியேயும் ஒரு இடத்தில் இருக்கட்டும்.

பிளே ஸ்டோரில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நாம் சேர்த்தவர்கள் மட்டும் ஆப்பைச் சோதிப்பது) இருந்தால்தான் வெளியிட விண்ணப்பிக்க முடியும். இந்த 12 பேரில் கடைக்காரரையும் அவருடைய கணக்குப்பிள்ளையையும் முதலில் சேருங்கள். காலையில் வரத்து இறங்கும் அவசரத்தில் அவர்கள் போடும் எண்களை நாம் வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் போட முடியாது.